வாசகர் கேள்வி – பதில்: வாத்தியார் முதல் ஆசான் வரை

கேள்வி: 'வாத்தியார்' என்று அழைத்தால் சில ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். அது மரியாதைக் குறைவான சொல்லா? ஆசிரியர்களில் வகை உண்டா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: குறைவே இல்லை. உபாத்தியாயர் என்பதுதான் பேச்சில் வாத்தியார் ஆனது. வேதம் முழுவதையும் கற்பிப்பவரை ஆசாரியர் என்றும், ஒரு பகுதியை மட்டும் ஊதியத்துக்குக் கற்பிப்பவரை உபாத்தியாயர் என்றும் மனு நூல் பிரித்து, பின்னவரை ஒரு படி கீழே வைத்தது. நம் ஊர் வழக்கில் அந்த ஏற்றத்தாழ்வு கிடையாது. பள்ளிக்கூடத்தில், பாட்டு வகுப்பில், சிலம்பக் களத்தில் எல்லாம் வாத்தியார்தான். ஆடல் சொல்லித் தருபவர் நட்டுவனார்.

தமிழ்ப் புலமை மரபில் மூன்று வகை சொல்வார்கள். நூலை இயற்றியவர் நூலாசிரியர். அதற்கு விளக்கம் எழுதியவர் உரையாசிரியர். எதிரே உட்காரவைத்துப் பாடம் சொல்பவர் போதகாசிரியர். ஒருவரே இரண்டாகவும் இருக்கலாம். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்கள் பல பாடியவர், உ.வே.சாமிநாதையருக்குப் பாடம் சொன்னவரும் அவரே. மூன்றில் கடினமானது போதகாசிரியர் வேலை என்பேன். நூல் எழுதுபவருக்கு எதிரே புரியாத முகம் கிடையாது.

கேள்வி: நன்னூலில் ஆசிரியர் ஆகத் தகாதவருக்குக் குடம், பனை, தென்னை என்றெல்லாம் உவமை வருகிறதாமே? இன்றைக்கு அது பொருந்துமா?
– மயிலாடுதுறை வாசகி

பதில்: அப்படியே பொருந்தும். பவணந்தி முனிவர் நான்கு உவமை சொல்கிறார். முதலாவது கழற்குடம். கழற்சிக்காய் போட்ட குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய் வெளியே வராது. வரிசை தப்பிப் பாடம் நடத்துபவர் இந்த வகை. 618-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் 13 என்று எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். சரியான விடை 103. முதல் 6-இல் ஒரு தடவை போகிறது. அடுத்து இறக்கிய 1-இல் 6 போகாது. அங்கே சுழியம் போட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நூறு, பத்து, ஒன்று என்ற இடமதிப்பு பதியும் முன்பே வகுத்தல் வந்துவிட்டது. அதன் பிறகு வகுத்தலிலேயே நூறு கணக்கு போடவைத்தாலும் இந்தத் தவறு போகாது. இடமதிப்புக்குத் திரும்பிப் போய்விட்டு வர வேண்டும்.

இரண்டாவது மடற்பனை. சுற்றிலும் மடல் நிற்பதால் ஏற முடியாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. சந்தேகம் கேட்டால் சீறுபவர் இவர். மூன்றாவது பருத்திக் குண்டிகை: சிறுகச் சிறுகப் பஞ்சு அடைத்த குடுக்கை. எடுக்கும்போதும் சிறுகச் சிறுகத்தான் வரும். தெரிந்ததைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பவர் இவர். நான்காவது முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றியது ஒருவர், வளைந்துபோய்க் காய் விழுவது அடுத்த வீட்டுக் கொல்லையில். சம்பளம் வாங்கும் வகுப்பில் பாதியை விழுங்கிவிட்டு, மாலை டியூஷனில் மீதியைச் சொல்பவரை இதில்தான் சேர்க்க வேண்டும். நான்கிலும் மன்னிக்க முடியாதது இதுதான்.

கேள்வி: பள்ளியில் இடைநிலை, பட்டதாரி, முதுகலை ஆசிரியர் என்கிறார்களே?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: இடைநிலை ஆசிரியர் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை; 2 ஆண்டுப் பட்டயப் படிப்பும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளும் வேண்டும். பட்டதாரி ஆசிரியர் 6 முதல் 10 வரை, பட்டத்தோடு பி.எட்., இரண்டாம் தாள். ஒவ்வொரு தாளுக்கும் 150 மதிப்பெண். 11, 12-க்கு முதுகலை ஆசிரியர்.

கேள்வி: மகளுக்குப் பாட்டு வாத்தியார் தேடுகிறோம். எதைப் பார்த்துச் சேர்ப்பது?
– திருவாரூர் வாசகி

பதில்: அவர் கச்சேரியைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு வகுப்பில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள்.

முதலில் சுருதி, அதாவது பாட்டுக்கு அடிப்படையாக வைக்கும் ஒலி உயரம். அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்கள் பொதுவாக 1 கட்டையை ஒட்டியும், பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். வாத்தியார் தம் சுருதியிலேயே பெண் பிள்ளையைப் பாடவைத்தால் மேல் ஸ்தாயியில் (உச்சக் குரலில்) மோவாய் தூக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், குரல் கத்தலாக வரும். நல்ல வாத்தியார் சுருதிப் பெட்டியைப் பிள்ளையின் குரலுக்கு வைத்துவிட்டு, தாம் வயலினிலோ வீணையிலோ சொல்லிக் கொடுப்பார்.

அடுத்து காலம், அதாவது பாடும் வேகம். தொடக்கப் பாடமான முதல் சரளி வரிசையில் 16 ஸ்வரம். ஆதி தாளத்தில் முதல் காலத்துக்கு 2 ஆவர்த்தனம் (தாளச் சுற்று), இரண்டாம் காலத்துக்கு 1, மூன்றாம் காலத்துக்கு அரை. ஸ்வரம்தான் வேகமாக வேண்டும்; தாளம் போடும் கை அதே நடையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் ஸ்வரத்தோடு கையையும் சேர்த்து ஓட்டுவார்கள். அதைக் கவனித்து அங்கேயே நிறுத்துகிறாரா பாருங்கள். விட்டுவிட்டால் பின்னால் வர்ணம் பாடும்போது தாளம் நிற்காது.

சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், பிறகு கீர்த்தனை என்பது வரிசை. பள்ளிப் போட்டிக்காக மூன்றாம் மாதமே கீர்த்தனை கேட்டு வாத்தியாரை நெருக்கும் பெற்றோர் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 'இப்போது வேண்டாம்' என்று உங்கள் முகத்துக்கு நேரே மறுக்கும் வாத்தியார் கிடைத்தால் அவரிடமே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: வகுப்பில் புரிந்தது வீட்டுக்கு வந்தால் மறந்துபோகிறது. வாத்தியார் மேல் குறையா, பிள்ளை மேல் குறையா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: இருவர் மேலும் இல்லாமல் இருக்கலாம். ஆசிரியரிடம் நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் பதியும், உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதில் மீதி அரை என்று அதே நன்னூல் கணக்குச் சொல்கிறது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது அவனுக்கும் படிப்பாகத்தான் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன், அன்றைய பாடத்தில் ஒன்றை மட்டும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தம்பிக்கோ பாட்டிக்கோ சொல்லச் சொல்லுங்கள். எங்கே திக்குகிறதோ அந்த வரியைப் பென்சிலால் குறித்து, மறுநாள் அதை மட்டும் வாத்தியாரிடம் கேட்கட்டும்.