மெக்சிகோவில் ஒரு வாரம் கடற்கரை ஓய்வு: கான்குன் தவிர எங்கே போகலாம்?

கேள்வி: அவசரமில்லாமல் ஒரு வாரம் கடற்கரையில் ஓய்வெடுக்க வேண்டும், உள்ளூர் மக்களோடு பழகவும் வேண்டும். மெக்சிகோவில் எந்த ஊர் சரி?

பசிபிக் கரையில், வஹாக்கா மாநிலத்தில் இருக்கும் புவெர்த்தோ எஸ்கொந்திதோ. மெக்சிகோவின் பிரபல கடற்கரைச் சுற்றுலா நகரான கான்குனின் பெரிய விடுதிகளில் சாப்பாடு, குளம், கடல் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் முடிந்துவிடும். உள்ளூர்க்காரர்களோடு பேச வேண்டிய தேவையே வராது. புவெர்த்தோ எஸ்கொந்திதோவில் மீன் வாங்குவது முதல் பஸ் ஏறுவது வரை எல்லாமே அவர்களோடுதான். வஹாக்கா நகரிலிருந்து மலைப்பாதையில் ஆறேழு மணி நேரம் பிடித்த பயணம், 2024 பிப்ரவரியில் புதிய நெடுஞ்சாலை திறந்தபின் ஏறக்குறைய மூன்று மணி நேரமாகிவிட்டது.

போனதும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தக் கடலில் இறங்கலாம் என்பது. சிகத்தேலா கடற்கரை பார்க்க அழகு, குளிக்க ஆகாது. ஆழ்கடலிலிருந்து வரும் அலையை நடுவில் எதுவும் தடுப்பதில்லை. கரைக்கு வெகு அருகே ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து மணல் திட்டிலேயே அறைந்து உடையும். மே முதல் செப்டம்பர் வரை இன்னும் மூர்க்கம். முழங்கால் தண்ணீர்தானே என்று நிற்பவர்களையும் இழுத்துவிடும். அங்கே உட்கார்ந்து அலைச்சறுக்கு வீரர்களை வேடிக்கை பாருங்கள், போதும்.

குளிக்க கர்ரிசலில்யோ போங்கள். பாறைகள் அணைத்த சின்னக் குடா. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் யோசிக்கவும். அலைச்சறுக்கு பழக வருபவர்களுக்கு முதல் பாடம் பெரும்பாலும் இங்கேதான். குழந்தைகளோடு போனால் புவெர்த்தோ அங்கெலித்தோ. எங்கே இறங்கினாலும் கொடியைப் பாருங்கள். சிவப்பு என்றால் இறங்கவே வேண்டாம். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்புங்கள்.

மெக்சிகோ சட்டப்படி கடற்கரை எல்லாருக்கும் பொது. காசு கேட்பது நாற்காலிக்கும் நிழல் குடைக்கும்தான். பல கடைகளில் இவ்வளவு பெசோவுக்காவது (மெக்சிகோ நாணயம்) சாப்பிட வேண்டும் என்று கணக்கு இருக்கும், அதை உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். டாக்சி வாடகையும் அப்படித்தான், ஏறும் முன் பேசிக்கொள்ள வேண்டும்.

மனிதர்கள் அன்பானவர்கள், ஆனால் வணக்கம் சொல்லாமல் வேலையைத் தொடங்குவது அவர்களுக்கு முரட்டுத்தனம். கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்காதீர்கள். மதியம் வரை 'புவெனோஸ் தியாஸ்', அதன்பின் 'புவெனாஸ் தார்தெஸ்'. அதைச் சொல்லிவிட்டு கேளுங்கள், முகம் மலர்வது தெரியும். சாப்பிடுகிறவர்களின் மேசையைக் கடந்தால் 'புரோவேச்சோ' என்று சொல்லிப் போவது வழக்கம். முன்பின் தெரியாதவர்களும் சொல்வார்கள். சாப்பிட்டு முடித்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் பில் வராது. கேட்காமல் கொண்டுவருவது விரட்டுவது போலாகும் என்று நினைப்பார்கள். 'லா குவெந்தா, போர் ஃபவோர்' என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம், பெசோவில்.

சைவர்களுக்குத்தான் கொஞ்சம் கவனம் தேவை. 'கார்னே' (இறைச்சி) வேண்டாம் என்றால் மாட்டிறைச்சியை மட்டும் விட்டுவிட்டுக் கோழியைப் போட்டுத் தர வாய்ப்புண்டு. கோழி, மீன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அரிசிச் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம், பீன்ஸ் பன்றிக்கொழுப்பில் தாளித்திருக்கலாம். வஹாக்காவின் த்லாயுதா, தட்டை விடப் பெரிய மொறுமொறு சோள ரொட்டி. அதில் முதலில் தடவுவதே 'அசியெந்தோ' என்ற பன்றிக்கொழுப்புதான். அதன் மேல் பீன்ஸ் மசியல், நூல் நூலாகப் பிரியும் கெசில்யோ சீஸ், முட்டைக்கோஸ். 'சின் அசியெந்தோ' என்று சொன்னால் தடவாமல் தருவார்கள். பீன்ஸையும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய சாப்பாடு மதியம் இரண்டு முதல் நான்கு மணிக்குள். 'கொமீதா கொர்ரீதா' என்று கேட்டால் சூப், சோறு, ஒரு குழம்பு வகை, பழச்சாறு எல்லாம் ஒரே விலையில் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். 20 லிட்டர் கேன் எல்லாத் தெருவிலும் கிடைக்கும்.

பாக்கோச்சோ கடற்கரையில் மாலை நேரத்தில் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். நம் பெசன்ட் நகருக்கு வரும் அதே பங்குனி ஆமை இனம். கையால் தொடக் கூடாது, கொட்டாங்குச்சியில் வைத்துத் தருவார்கள். சன்ஸ்கிரீன், கொசு மருந்து பூசிய விரல் குஞ்சுக்குக் கெடுதல். பிளாஷ் போடாதீர்கள், வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும்.

போக ஏற்ற காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஈஸ்டர் வாரத்தைத் தவிருங்கள், நாடே கடற்கரைக்கு வந்துவிடும். இந்திய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டில் குத்தும் நுழைவு முத்திரையில் தங்க எத்தனை நாள் எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கவுன்டரை விட்டு நகரும் முன் பார்த்துவிடுங்கள். மின்சாரம் 127 வோல்ட், தட்டையான இரண்டு முனை பிளக். போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும், இங்கிருந்து கொண்டுபோகும் கெட்டில் சரியாகச் சூடாகாது.