பிறப்பால் ஆசிரியர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

தமிழையும் கொரிய மொழியையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதிய ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், கொரியாவுக்கு ஆங்கில வாத்தியாராகத்தான் போனார் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அதைப் படித்த அதே வாரம் என் அலுவலக நண்பரின் மகன் கொரியாவுக்குக் கிளம்பினான். இங்கே அட்லாண்டாவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பையன். வரலாற்றில் பட்டம் வாங்கியிருக்கிறான். யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவம் கிடையாது. சியோலுக்குத் தெற்கே புந்தாங்கில் ஒரு தனியார் டியூஷன் சென்டரில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை.

ஞாயிறு இரவு விமானத்திலிருந்து இறங்கியவனைத் திங்கள் மதியமே வகுப்பில் நிறுத்திவிட்டார்கள். போன் இணைப்பு கிடைக்கவில்லை, வங்கிக் கணக்கு தொடங்க முடியவில்லை, குளியலறையில் தடுப்பே இல்லை, ஏழு வயதுப் பிள்ளைகள் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார்கள் என்று தினமும் அப்பாவுக்குச் செய்தி அனுப்புகிறான். நண்பர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, “நீ ஆசியாக்காரன்தானே, இதெல்லாம் என்ன?” என்கிறார்.

ஹல்பர்ட்டின் முதல் நாட்களும் இப்படித்தான் இருந்தனவா? பயிற்சியே இல்லாத ஒருவரை ஆசிரியர் என்று நிறுத்துவது அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை ஏமாற்றுவது ஆகாதா?

கே.ஆர்.,
அட்லாண்டா

அன்புள்ள கே.ஆர்.,

குளியலறை விஷயத்தில் நாம் ஆசியாக்காரர்கள்தான் என்று நண்பரிடம் தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். முகம் கழுவும் தொட்டியும் கழிப்பறையும் ஷவரும் ஒரே அறையில் இருக்கும். குளித்தால் தரை முழுக்க நனையும். தண்ணீர் மூலையில் உள்ள துவாரம் வழியாக ஓடிவிடும். நமக்கு இதில் என்ன செய்தி இருக்கிறது? வாசலில் செருப்பைக் கழற்றுவது, பெரியவர்களிடம் இரண்டு கையாலும் வாங்குவது, அறிமுகமான இரண்டாவது நிமிடத்தில் வயதையும் கல்யாணத்தையும் விசாரிப்பது, இவையும் அப்படித்தான். கொரியாவில் வயதைக் கேட்பதற்குக் காரணமும் உண்டு. எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத மொழி அது.

ஆனால் அதற்குமேல் நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. குப்பை போடுவதற்கு அந்தந்த வட்டாரத்தின் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்; 1995 முதல் நாடு முழுக்க இதுதான் நடைமுறை. சாப்பாட்டு மிச்சம் தனி, காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி. நம் ஊரிலிருந்து போய் இறங்குகிறவன் முதல் வாரத்தில் திட்டு வாங்குவது இங்கேதான்.

ஹல்பர்ட்டுக்கு வருகிறேன். 1886 ஜூலையில் சியோலுக்கு வந்தபோது அவருக்கு 23 வயது. டார்ட்மத் கல்லூரியில் பட்டம் முடித்து, நியூயார்க்கில் இறையியல் படித்துக்கொண்டிருந்தவர். மேலைக் கல்விக்கு ஆசிரியர்களை அனுப்பும்படி மன்னர் கோஜோங் அமெரிக்க அரசிடம் கேட்டிருந்தார். 1884 டிசம்பரில் அரண்மனையில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியால் காரியம் தள்ளிப்போனது. கடைசியில் ஹல்பர்ட், கில்மோர், பங்க்கர் என்ற மூவர் வந்து சேர்ந்தார்கள். மூவரும் ஒரே இறையியல் கல்லூரியிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கும் கொரிய மொழியில் ஒரு சொல் தெரியாது. சியோலில் அந்தக் கோடையில் காலரா பரவிக்கொண்டிருந்தது. உங்கள் நண்பரின் மகனுக்குப் போன் இணைப்பு கிடைக்கவில்லை என்ற வருத்தத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நண்பரிடம் சொல்லிக்காட்ட வேண்டாம்.

செப்டம்பரில் யுக்யோங் கோங்வோன் என்ற அரசுப் பள்ளி திறந்தது. முதல் வகுப்பில் 35 மாணவர்கள். பதவியில் இருந்த இளம் அதிகாரிகள் ஒரு பிரிவு, உயர்குடி வீட்டுப் பிள்ளைகள் இன்னொரு பிரிவு. ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, கணக்கு, புவியியல் எல்லாமே ஆங்கிலத்தில். பக்கத்தில் நின்று விளக்க மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். ஆரம்பத்தில் மாணவர்களுக்கு உற்சாகம்தான். நாள் போகப்போக அது வடிந்துவிட்டது. பதவி என்பது செவ்வியல் சீனத்தாலும் செல்வாக்காலும் கிடைத்துக்கொண்டிருந்த நாட்டில், அதிகாரி ஒருவர் எதற்காகத் தினமும் ஒரு இளைஞன் முன்னால் உட்கார்ந்து எழுத்துக்கூட்ட வேண்டும்? 1894இல் பள்ளி மூடப்பட்டது.

ஹல்பர்ட் அதற்கு முன்பே வெளியேறிவிட்டார். ஆனால் வந்த புதிதில் அவர் செய்த ஒரு காரியம்தான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்தது. ஹங்குல் என்ற கொரிய எழுத்தை நான்கே நாளில் கற்றுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். இவ்வளவு எளிய எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தவர்கள் அதை ஏளனமாகப் பார்க்கிறார்களே என்று அவருக்கு ஆற்றாமை. சில ஆண்டுகளில் உலகப் புவியியலை முழுக்க ஹங்குலிலேயே எழுதிப் பாடநூலாக்கினார். ஆங்கிலம் கற்பிக்கக் கூட்டிவரப்பட்டவர் கொரிய மொழியில் பாடநூல் எழுதினார் என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாகவே இருக்கிறது.

இன்று அமெரிக்கர்கள் போவது வேறு மாதிரி. இடையில் இன்னொரு தலைமுறையும் உண்டு. 1966 முதல் 1981 வரை ‘பீஸ் கோர்’ என்ற அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பிலிருந்து சுமார் 2,000 பேர் கொரியாவில் வேலை செய்தார்கள். பலர் ஊர்ப்புறப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தினார்கள். அவர்களுக்கு வகுப்புக்குப் போகும் முன்பு கொரிய மொழிப் பயிற்சி கொடுக்கப்பட்டது. 1975இல் யேசான் நடுநிலைப் பள்ளிக்குப் போன கேத்லீன் ஸ்டீபன்ஸ், 2008இல் அதே நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகத் திரும்பி வந்தார்.

இப்போதைய விதி சுருக்கமானது. ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவருக்கான இ-2 விசா கிடைக்க அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். வரலாறும் சரி, விலங்கியலும் சரி. குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று, உடல் பரிசோதனை. அவ்வளவுதான். பாடம் நடத்தத் தெரியுமா என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் முக்கியமாக இல்லை. அவன் எந்த வீட்டில் பிறந்து எந்த மொழியைப் பேசி வளர்ந்தான் என்பதற்குத்தான் சம்பளம். பிறப்பால் வரும் தகுதியைப் பற்றித் தமிழர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

பையன் ஞாயிறு இறங்கித் திங்கள் வகுப்பில் நின்றதன் காரணம் இதுதான். அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் திட்டத்தில் சில நாட்களாவது அறிமுகப் பயிற்சி உண்டு. பக்கத்தில் கொரிய ஆசிரியர் ஒருவரும் நிற்பார். ஹாக்வோன் எனப்படும் டியூஷன் சென்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது. முந்தைய ஆசிரியர் வெள்ளிக்கிழமை போயிருப்பார், புதியவர் ஞாயிற்றுக்கிழமை வந்திருப்பார், திங்கள் கட்டணம் கட்டிய பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பிறவியிலேயே கையில் இருக்கும் சரக்கு என்று நம்புகிறபோது, அதற்கு எதற்குப் பயிற்சி? முதல் நாட்களின் தடுமாற்றத்தைப் பண்பாட்டு அதிர்ச்சி என்று எழுதுகிறார்கள். எனக்கு அது வேலைக்கு எடுத்தவர்களின் சோம்பலாகத்தான் தெரிகிறது.

கொரியாவின் தேஜான் நகரில் நான் ஆராய்ச்சி வேலையில் இருந்தபோது, மாடி வீட்டில் ஓஹையோ மாநிலத்துக்காரர் ஒருவர் குடியிருந்தார். ஒரு ஹாக்வோனில் வேலை. சாயங்காலம் குப்பை பிரிக்கும் இடத்தில் சந்திப்போம். எந்தப் பை எதற்கு என்று இருவருக்கும் சந்தேகம் வரும். அவர் சொன்ன முதல் வகுப்பு இது. பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, பலகையில் பெயர்களை எழுதி மதிப்பெண் போட நினைத்திருக்கிறார். கைக்குக் கிடைத்தது சிவப்பு மார்க்கர். முதல் பெயரை எழுதியதும் வகுப்பு கப்சிப். இரண்டாவது பெயர் பாதியில் இருக்கும்போது அந்தப் பெயருக்கு உரிய சிறுமி எழுந்து ஓடிவந்து, தன் ஸ்வெட்டர் கையாலேயே பலகையை அழி அழி என்று அழித்திருக்கிறாள். உயிரோடு இருப்பவர் பெயரைக் கொரியாவில் சிவப்பில் எழுதமாட்டார்கள். அழித்து முடித்தவள், அழுகையும் இல்லாமல் கோபமும் இல்லாமல், தன் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு நீல மார்க்கரை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அந்த வளாகத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆசிரியப் பயிற்சி அதுதான் என்பார்.

அதே வகுப்பில் புதிதாகச் சேர்ந்த இன்னொரு பெண்ணுக்கு ஆங்கிலப் பெயர் இல்லை. ஹாக்வோன் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் வைப்பது வழக்கம். வெள்ளைக்கார ஆசிரியர் வைத்தால் விசேஷம். வந்து ஒரு நாள்கூட ஆகாத மனிதர், பாட்டியை நினைத்து டோரிஸ் என்று வைத்துவிட்டார். அந்தப் பெயரில் இணையத்தில் தேடிப்பார்த்த அம்மாவுக்குத் தலை நரைத்த பெண்களின் படங்களாகவே வந்திருக்கின்றன. மறுநாள் தொலைபேசி. சிறுமி எமிலி ஆனாள்.

ஏமாற்று வேலையா என்று கேட்டிருந்தீர்கள். பெற்றோர் ஏமாறவில்லை என்பதே என் எண்ணம். அவர்களுக்கு எல்லாம் தெரியும். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான சுநுங்கில் ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள். 17 கேட்டு விடையளிப்பது, மற்றவை வாசித்து விடையளிப்பது. பேசிக்காட்டும் பகுதியே கிடையாது. கேட்கும் பகுதி நடக்கும் நேரத்தில் சத்தம் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்திவைக்கிறார்கள். அந்தத் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார் செய்வது கொரிய ஆசிரியர். இலக்கணமும் வாசிப்பும் அவர் தலையில். அமெரிக்கருக்கு உரையாடல் வகுப்பு, விளம்பரத் தாளில் படம், பெற்றோர் பார்க்கும்படி கேமரா பொருத்திய அறை. கற்பிக்க வந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். வரவழைத்தது பாதிக்குமேல் காட்டுவதற்கு. இதனால்தான் பையனை எப்போதும் சிரித்த முகமாக இருக்கச் சொல்வார்கள். இன்னும் சொல்லியிருக்காவிட்டால் இந்த வாரம் சொல்வார்கள்.

இந்த ஏற்பாட்டில் நட்டம் யாருக்கு என்று கேட்டால், பக்கத்து அறையில் அதிக மணி நேரம் உழைக்கும் கொரிய ஆசிரியருக்கு. நான் பார்த்தவரை, அமெரிக்கருக்குக் கொடுப்பதுபோல் அவருக்கு வீடும் கிடையாது, விமான டிக்கெட்டும் கிடையாது. வாசலில் நிற்கும் மற்ற நாட்டுக்காரர்களுக்கும் நட்டம்தான். 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய பொருளாதார ஒப்பந்தத்தின்படி இந்தியர்களும் ஆங்கிலத் துணை ஆசிரியராகப் போகலாம். ஆனால் பட்டத்தோடு ஆசிரியத் தகுதிச் சான்றும் வேண்டும், அரசுப் பள்ளியில் மட்டும். பயிற்சி பெற்றவரிடம் சான்று கேட்பார்கள், பயிற்சி பெறாதவரிடம் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

அதற்காக அந்தப் பையனைக் கோபித்துக்கொள்ள முடியாது. விதியை எழுதியது அவனில்லை.

யுக்யோங் கோங்வோனின் மாணவர் பட்டியலில் ஒரு பெயரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. யீ வான்-யோங். அங்கே ஆங்கிலம் படித்து, வாஷிங்டனில் கொரியத் தூதரகத்தில் வேலை பார்த்தவர். 1905இல் கொரியாவை ஜப்பானின் பாதுகாப்பின்கீழ் வைத்த ஒப்பந்தத்தை ஆதரித்த அமைச்சர்களில் ஒருவர். 1910இல் நாட்டையே ஜப்பானோடு இணைத்த ஒப்பந்தத்தில் பிரதமராகக் கையெழுத்திட்டார். துரோகி என்ற சொல்லோடு சேர்த்தே கொரியர்கள் இன்றும் சொல்லும் பெயர். 1905இல் அந்த ஒப்பந்தத்தைத் தடுக்க மன்னரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாஷிங்டனுக்கு ஓடியவர் ஹல்பர்ட். அங்கே யாரும் காது கொடுக்கவில்லை. ஒரே பள்ளியின் ஆசிரியரும் மாணவரும். மொழி கற்றுக்கொடுத்தால் மனமும் நம் பக்கம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஹல்பர்ட் 1949இல், 86 வயதில், கொரிய அரசின் அழைப்பில் திரும்பி வந்து ஒரு வாரத்தில் இறந்தார். யாங்ஹ்வாஜின் கல்லறையில் இருக்கிறார்.

தமிழ் ஒப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1905இல் அவர் வெளியிட்ட அந்த இலக்கணம், கொரிய மொழி தெற்கிலிருந்து வந்தது, திராவிட மொழிகளுக்கு உறவானது என்று வாதிட்டது. மொழியியலாளர்கள் இன்று அதை ஏற்பதில்லை. தமிழும் கொரியமும் ஒன்று என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் அம்மா-அப்பா பட்டியல்களை எனக்கு அனுப்பவேண்டாம். மாதம் ஒன்று வருகிறது.

நண்பரின் மகனுக்கு உருப்படியாகச் சில செய்திகள் சொல்லுங்கள். போனும் வங்கியும் தாமதமாவது அவன் குற்றமல்ல. வெளிநாட்டவர் பதிவு அட்டை கைக்கு வரும்வரை அப்படித்தான் இருக்கும். வந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும், அலுவலகத்தில் தள்ளிப்போட்டால் விடாமல் கேட்கட்டும். இந்த வாரமே ஹங்குல் கற்றுக்கொள்ளட்டும். ஹல்பர்ட்டின் நான்கு நாள் இல்லாவிட்டாலும் வார இறுதி இரண்டு போதும். சம்பளச் சீட்டில் தேசிய ஓய்வூதியப் பிடித்தம் இருக்கிறதா என்று முதல் மாதமே பார்க்கட்டும். அமெரிக்கக் குடிமக்கள் நாட்டைவிட்டுக் கிளம்பும்போது தங்கள் பங்கையும் முதலாளியின் பங்கையும் மொத்தமாகத் திரும்பப் பெறலாம். பிடிக்காமலே விட்டுவிடும் நிறுவனங்களும் உண்டு. ஒரு வருடம் முழுதாக முடித்தால் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சட்டப்படி வரவேண்டும். அதைக் கொடுக்க மனமில்லாமல் பதினோராம் மாதத்தில் ஏதாவது காரணம் சொல்லி அனுப்பிவிடும் இடங்களைப் பற்றித் தேஜானில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று அட்லாண்டாவில் அப்பாவிடமும் இருக்கட்டும்.