வாழ்த்து அட்டையில் ஒரு 'நீ'

அன்புள்ள ஐயா,

ஹாங்காங்கில் வேலை பார்க்கிறேன். கேண்டனீஸ் இப்போதுதான் கற்கிறேன். என் பிறந்தநாளுக்கு அலுவலகத் தோழி தந்த அட்டையில் 'நீ' என்பதற்கு, நான் படித்த எழுத்து இல்லை. பெண்ணைச் சுட்டும் பகுதியோடு வேறோர் எழுத்து இருந்தது. கேண்டனீஸில் ஆணுக்கு ஒரு நீ, பெண்ணுக்கு ஒரு நீயா? எப்படி உச்சரிப்பது?

வாசகி, ஹாங்காங்

அன்புள்ள வாசகிக்கு,

உச்சரிப்பு ஒன்றேதான். ஏறத்தாழ நம் 'நெய்', தாழத் தொடங்கி மேலேறும் தொனியில். உங்கள் அலுவலகத்தில் பலர் 'லெய்' என்பார்கள். சொல்லின் முதலில் வரும் ந அங்கே ல ஆகிவிடுகிறது. 'சோம்பேறி உச்சரிப்பு' என்று வாத்தியார்கள் திட்டுவதும் உண்டு.

பேச்சில் படர்க்கைக்கும் பால் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியும் 'கொய்', அவள் கணவனும் 'கொய்', அவர்கள் வீட்டுப் பூனையும் 'கொய்'. அவன், அவள், அது என்று பிரித்தே பழகிய நமக்குத்தான் திண்டாட்டம்.

அப்புறம் அந்த எழுத்து? அது கண்ணுக்கு மட்டுமான வேறுபாடு. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஐரோப்பிய மொழிகளிலிருந்து மொழிபெயர்த்தவர்களுக்கு 'அவள்' தேவைப்பட்டது. கவிஞர் லியு பன்னோங் போன்றோர் 'அவர்' எழுத்தில் மனிதரைச் சுட்டும் பகுதியை எடுத்துவிட்டுப் பெண்ணைச் சுட்டும் பகுதியை வைத்து எழுதும் வழக்கத்தைப் பரப்பினார்கள். அதே பாணியில் 'நீ'க்கும் பெண் வடிவம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் 'நீ'க்குப் பால் இல்லை. கடன் வாங்கியவர், கொடுத்தவரிடம் இல்லாததையும் சேர்த்து எடுத்து வந்துவிட்டார்!

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. வழக்கமான எழுத்தில் இருப்பது ஆணைச் சுட்டும் பகுதி அல்ல, மனிதரைச் சுட்டும் பகுதி. அதை நீக்கினால் பெண் மனித இனத்தில் சேர்த்தி இல்லையா? 'அவள்' எழுத்து பரவிய பின் சீனப் பெண்கள் இதழ் ஒன்று இதைக் கேட்டு, அதைப் பயன்படுத்த மறுத்தது.

தைவானில் பெண்பால் 'நீ' நன்றாகப் புழங்குகிறது. சீனப் பெருநிலத்தில் அரிது. ஹாங்காங் இரண்டுக்கும் நடுவே: அட்டை, காதல் கடிதம், பாட்டு வரி என்று நெருக்கமான இடங்களில் தலைகாட்டும். பாடும்போது எந்த 'நீ' என்று காதுக்குத் தெரியாது என்பதால், ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடினாலும் அந்தச் சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

தோழிக்கு நன்றி எழுதும்போது நீங்கள் படித்த பழைய எழுத்தையே போடுங்கள், பிழையில்லை. அவர் எழுதியதைப் போலவே எழுதினால் ஒருவேளை கூடுதலாக மகிழ்வார்.