வாசகர் கேள்விகள்: பழைய ஜீப்பை வீட்டில் புதுப்பிக்கும்போது

கேள்வி: என் தந்தையார் ஓட்டிய மஹிந்திரா சிஜே-3பி பெட்ரோல் ஜீப், செங்கல்பட்டு அருகே எங்கள் நிலத்துக் கொட்டகையில் பல ஆண்டுகளாகக் கிடந்தது. இப்போது அதைத் திருவான்மியூர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகனுமாக வேலை பார்க்க எண்ணுகிறோம். முதலில் எஞ்சினை ஓடவைத்துவிட்டால் மற்ற வேலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக். எங்கிருந்து தொடங்குவது? (திருவான்மியூர் வாசகர்)

பதில்: எஞ்சின் ஓடிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் உற்சாகம் பிறக்கும் என்பதில் ஐயமில்லை, ஆனால் பிரேக் பிடிக்காத வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தால் என்ன என்ற ஆசையும் கூடவே பிறந்துவிடும். ஆகவே தங்கள் மெக்கானிக்கின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். ஆவணம், சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பிரேக், அதன் பிறகு எஞ்சின் என்ற வரிசையில் போவதே வீட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏற்றது.

ஆர்.சி. புத்தகம் தந்தையார் பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்தை உடனே தொடங்கிவிடுங்கள். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டிகள் குறித்து டெல்லியில் உள்ள 10 ஆண்டு, 15 ஆண்டுத் தடை சென்னைக்குப் பொருந்தாது. ஆய்வாளர் முதலில் தேடுவது சேஸிஸ் எண்ணைத்தான் என்பதால், துருவைச் சுரண்டத் தொடங்கும் முன்பே அந்த எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். கிரைண்டரோ மணல் வீச்சோ அந்த இடத்தில் படவே கூடாது. எண் அழிந்துபோன ஜீப்பை எவ்வளவு அழகாகப் புதுப்பித்தாலும் சாலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

அடுத்தது சேஸிஸ். பாடியைக் கழற்றி இறக்குவதற்கு அஞ்ச வேண்டாம். போல்ட்டுகளை முந்தைய நாளே எண்ணெயில் ஊறவிட்டு, நான்கைந்து பேர் கைகொடுத்தால் முடிந்துவிடும். பிறகு ஒரு சிறிய சுத்தியலால் சேஸிஸின் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உள்ளே அரித்துப்போன இடத்தில் பொத்தென்று செத்த ஒலி வரும். ஸ்பிரிங் பட்டைகளைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் என்னும் கொண்டி பொருந்தும் இடங்களிலும், பெட்டி போல மூடிய பகுதிகளின் உட்புறத்திலும், ஓட்டுநரின் காலடித் தகட்டின் கீழும் மண்ணும் ஈரமும் தங்கிக் கிடக்கும். கொட்டகையில் நின்ற வண்டிகள் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் பெரும்பாலும் இங்கேதான் இற்றுப்போயிருக்கும்.

அரித்த தகட்டை, பளபளக்கும் இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்துவிட்டு, அதே கனமுள்ள புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். ஜீப்பின் பாடி பெரும்பாலும் தட்டையான தகடு என்பதால் கேஸ் வெல்டிங்கின் சூட்டில் எளிதில் நெளிந்துவிடும். மிக் (MIG) வெல்டிங் தெரிந்தவரை அழைத்து, சிறுசிறு புள்ளிகளாக இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். துருவின் மேலேயே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று முன்வரும் டிங்கரை அன்போடு திருப்பி அனுப்பிவிடலாம். மூடி வைத்த புண்ணைப் போல அது உள்ளேயே பரவி, அடுத்த மழைக்காலத்தில் கொப்பளித்துக்கொண்டு வெளியே வரும். தாங்கள் கடற்கரைக்கு அருகில் குடியிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலையில் சுரண்டிய இரும்பை அன்று மாலைக்குள் எபாக்ஸி பிரைமருக்குள் கொண்டுவந்துவிடுங்கள். உப்புக்காற்றில் வெற்று இரும்பை ஓர் இரவு விட்டால் மறுநாள் அதன் மேல் செந்நிறப் பொடி படிந்திருக்கும். பொங்கலுக்குப் பிறகு பிரிக்கத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் பெயிண்ட் வேலையை முடித்துவிடுவது நல்லது, ஏனெனில் ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் பால் படிந்தாற்போல் வெளுத்துவிடும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றுவதோடு பெட்ரோல் டேங்கையும் இறக்கி வேறிடத்தில் வைத்துவிடுங்கள். காலி டேங்க்தானே என்று அதையே பற்றவைக்கத் துணிபவர்கள் உண்டு; உள்ளே தங்கியிருக்கும் ஆவி வெடித்து உயிரே போய்விடும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, இந்த ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய் வழிதான் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஒரு குழாய் வெடித்தால் பெடல் முழுவதும் தரைக்குப் போய்விடும். எனவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றிவிடுங்கள், சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவன்று. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், மகன் பக்கத்தில் நிற்கிறார் என்றால் இது இன்னும் முக்கியம். கை பிரேக் டிரம் பின்சக்கரத்தில் இல்லாமல் டிரான்ஸ்பர் கேஸின் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பின்புறம் இருக்கும். அங்குள்ள ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேரே கை பிரேக் லைனிங்கில் இறங்கும். கை பிரேக் நிற்கவில்லை என்று லைனிங்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் அந்தச் சீலைப் பார்ப்பதில்லை.

எஞ்சினுக்கு இப்போது வருவோம். இதிலுள்ள 2.2 லிட்டர் ஹரிகேன் எஞ்சினில் உள்வால்வு தலைப்பகுதியிலும் வெளிவால்வு பிளாக்கிலும் அமைந்திருக்கும். அந்த உயரமான எஞ்சினுக்கு இடம் கொடுக்கத்தான் இந்த மாடலின் பானெட் அப்படித் தூக்கி நிற்கிறது. நெடுங்காலம் நின்ற எஞ்சினை ஸ்டார்ட்டரைப் போட்டு ஒரேயடியாகச் சுற்றாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு, சில நாள் ஊறவைத்து, பிறகு முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் ரப்பர் குழாய்களும் எத்தனாலைத் தாங்குபவையாக இருக்க வேண்டும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பதால், மாதக்கணக்கில் ஓட்டாத வண்டியின் இரும்பு டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

உதிரிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் போதும். ஆக்ஸில் ஹவுசிங், ஸ்டியரிங் பாகங்கள் போன்றவற்றைப் புதுப்பேட்டைக் காயலான் கடைகளில் தேடலாம். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடக் கழற்றிய பாகத்தையே மாதிரியாகக் கையில் கொண்டுபோனால் வேலை எளிது. ஆயில் சீலையும் பேரிங்கையும் மட்டும் அங்கே வாங்காமல், அவற்றின் மேல் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு புதிதாகவே வாங்குங்கள். ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களான கிரௌன், பினியன் இரண்டும் ஜோடியாகவே பொருந்தித் தேய்பவை என்பதால் ஒன்றை மட்டும் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: என்னிடமுள்ள பெட்ரோல் ஜீப் 50 ஆண்டுகளைக் கடந்தது. செலவு குறையும் என்று டீசல் எஞ்சின் பொருத்த நினைக்கிறேன். அப்படிச் செய்துகொண்டு, விண்டேஜ் வண்டியாகவும் பதிய முடியுமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: இரண்டும் ஒன்றாக நடக்காது. 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிக்கே விண்டேஜ் பதிவு உண்டு. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டுகள். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்காகவே சாலையில் எடுக்கலாம். மார்க்கெட்டுக்குப் போய்வர அது உதவாது.

டீசல் எஞ்சின் ஜீப்பில் உட்காரும் என்பது உண்மைதான். மஹிந்திரா நிறுவனமே பின்னர் 2.1 லிட்டர் பூஷோ டீசல் எஞ்சினைத் தன் ஜீப்புகளில் பொருத்தி விற்றது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் பெற்றுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் டீசலால் மிச்சமாகும் பணம், மாற்றும் செலவை ஒருபோதும் ஈடுகட்டாது.

கேள்வி: பழைய மாருதி ஜிப்ஸி வாங்கினேன். நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டு யூ-டர்ன் எடுத்தால் வண்டி பிடித்திழுத்துத் திமிறுகிறது. மேலும், மழை வெள்ளத்தில் சக்கரம் மூழ்கும் அளவுத் தண்ணீரில் போய்வந்தேன். ஏதேனும் பழுதா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: திமிறுவது பழுதன்று. ஜிப்ஸியில் முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் உருள வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டும், தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல் அந்த இழுப்பு முழுவதும் டிரான்ஸ்பர் கேஸிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் இறங்கும். காய்ந்த சாலையில் இரு சக்கர ஓட்டத்திலேயே ஓட்டுங்கள். நான்கு டயர்களும் ஒரே அளவில் இருக்கட்டும்.

எனக்குக் கவலை தருவது தாங்கள் இரண்டாவதாகச் சொன்ன தண்ணீர்தான். ஓடிச் சூடேறிய ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும்; ஆக்ஸில் மேலுள்ள பிரீதர் என்னும் காற்றுத்துளை அடைத்திருந்தால், சீல்களின் வழியாகத் தண்ணீரையே உள்ளிழுத்துக்கொள்ளும். இரண்டு டிஃபரன்ஷியல்கள், கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் ஆகிய நான்கின் வடிகால் போல்ட்டையும் தளர்த்தி, சிறிது ஆயிலைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் முழுவதையும் வடித்துப் புதிய ஆயிலை ஊற்றி, சிறிது தூரம் ஓடிய பின் அதையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். பிரீதரைக் கழற்றிக் கழுவுவதோடு, அதில் ஒரு நீண்ட ரப்பர் குழாயைச் செருகி எஞ்சின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டிவிட்டால், அடுத்த டிசம்பரில் இந்தத் தொல்லை இராது.