சபையில் சந்தேகம் வந்தால் பாவமா?

சைவ வீட்டிலிருந்து சபைக்குப் போகும் நீங்கள், போதகர் சொல்வதில் சந்தேகம் வருகிறது, இது பாவமா என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். பாவமில்லை. மாற்கு 9:24-இல் நோயாளிப் பையனின் தகப்பன் விசுவாசிக்கிறேன் என்கிறான், அதே மூச்சில் அவிசுவாசம் நீங்க உதவும் என்றும் கேட்கிறான். இயேசு அவனை விரட்டவில்லை.

‘நம் சபை மட்டுமே மெய்வழி’ என்று போதகர் சொன்னதைவிட, அம்மா நீட்டிய திருநீற்றைத் தட்டிவிட்டதுதான் உங்களை உறுத்துகிறது போல. தோட்டத்து லயத்தின் (தொழிலாளர் வரிசை வீட்டின்) ஒற்றை அறையில் ஒதுங்கவும் இடமில்லை.

ஒன்று செய்து பாருங்கள். இலங்கையின் சிவனொளிபாதமலை உச்சியில், 2,243 மீட்டர் உயரத்தில், இருப்பது ஒரே பாதச்சுவடு. பௌத்தருக்கு அது புத்தருடையது, சைவருக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது, கிறிஸ்தவர் சிலருக்கு இயேசுவின் சீடர் தோமாவுடையது. உங்கள் நம்பிக்கைக்கான காரணங்களைக் கொப்பியில் எழுதுங்கள். மற்ற மூன்று மதத்தவரும் தங்கள் நம்பிக்கைக்கு அதே காரணங்களைச் சொல்ல முடிந்தால், ‘மட்டுமே’ என்பதற்கு அது சான்றாகாது. பொய் என்பதற்கும் ஆகாது, அது வேறு கதை.

இப்போதைக்குச் சபை நடுவில் எழுந்து கேட்காதீர்கள். கல்யாணப் பேச்சும் அங்கேதான் நடக்கிறது என்கிறீர்களே.