கூடித்தானே இருக்கிறது, அப்புறம் யார் போனார்கள்?

தொண்டியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "புராஜெக்டுக்காக எங்கள் மாவட்டத் தாலுகாக்களின் இடப்பெயர்வு விகிதத்தைக் கணக்கிட வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் 2001இல் 11,87,604 பேர், 2011இல் 13,53,445 பேர். அப்படியென்றால் ஊரைவிட்டு யாரும் போகவில்லையா?"

போயிருக்கலாம் தம்பி. மாநிலம் 15.6 சதவீதம் வளர்ந்த பத்து வருஷத்தில் நம் மாவட்டம் 14ஐக்கூடத் தொடவில்லை, சந்தேகம் அங்கேயே வரணும். கூடிய 1,65,841இல் பிறந்த பிள்ளைகளும் அடக்கம். பிறப்பில் இறப்பைக் கழித்து, அந்த எண்ணை மொத்த உயர்விலிருந்து கழியுங்கள், மிச்சம்தான் நிகர இடப்பெயர்வு. 10,000 பேர் இருந்த ஊரில் பத்து வருஷத்தில் 1,600 பிறப்பு, 700 இறப்பு என்று வைத்துக்கொள்வோம். 900 கூடியிருக்கணும், 500தான் கூடியது என்றால், வந்தவர்களைவிடப் போனவர்கள் 400 பேர் அதிகம். அதை இடைப்பட்ட மக்கள்தொகையான 10,250ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 39, அதாவது வருஷத்துக்கு ஆயிரத்தில் ஏறக்குறைய நாலு பேர்.

கணக்கு சரி, வில்லங்கம் பிறப்பு எண்ணில் இருக்கிறது. பிரசவம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் பிள்ளையோடு சென்னைக்குத் திரும்பிவிட்டால், உங்கள் கணக்கில் அந்தக் கைக்குழந்தை பிழைப்பு தேடிப் போனதாக நிற்கும்! மதுரை ஆஸ்பத்திரியில் பிறந்து திருவாடானைக்கு வந்த பிள்ளையோ வெளியூரிலிருந்து குடியேறியதாகிவிடும். பதிவுப் படிவத்தில் தாய் வசிக்கும் ஊரும் இருக்கும், அதன்படி பிரித்த எண் கிடைத்தால் அதையே எடுங்கள்.

அப்புறம், 2011இல் வீடு வீடாகக் கணக்கெடுத்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த இருபது நாளும் வெளியே இருந்தவரை வீட்டுக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அதனால் வளைகுடாவில் இருக்கிற கீழக்கரை சபுராளி, அதாவது பிழைப்புக்காக வெளிநாடு போனவர், ஊரைவிட்டே போனவராகிவிடுவார். காற்று மாறும்போது வேறு கரைக்கு வலசை போய், சில மாதத்தில் திரும்பிவிடுகிற மீனவரோ இந்த விகிதத்தில் தட்டுப்படவே மாட்டார். புதுவலசை என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கிறோம், என்ன செய்வது!

கீழக்கரை, ராஜசிங்கமங்கலம் இரண்டும் 2011க்குப் பிறகு பிரித்த தாலுகாக்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாலுகா அட்டவணையில் தேடி நேரத்தை வீணாக்காமல், அவற்றின் கிராமங்களையும் ஊர்களையும் தனித்தனியாக எடுத்து நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.