ஜெயித்த நாடு ஏன் படையெடுத்தது?

கேள்வி: மத்திய அமெரிக்காவில் ஒரே ஸ்பானிய மொழி பேசும் எல் சால்வடாரும் ஹோண்டுராஸும் ஃபுட்பாலில் தோற்ற ஆத்திரத்தில் போரே நடத்தினவாமே! அந்த ஊர் ரத்தமே அப்படித்தானோ?
– வாசகர், தேனி

பதில்: ரத்தத்தை விடுங்கள். 1969 ஜூன் 27-ல் மெக்சிகோ நகரில் இரண்டு நாடுகளும் மோதிய உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாவது, கடைசி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஜெயித்தது எல் சால்வடார். ஜூலை 14-ல் படையை அனுப்பியதும் அதே எல் சால்வடார்தான். ஜெயித்தவனுக்கு என்ன ஆத்திரம்?

தகராறு நிலத்தில் இருந்தது. எல் சால்வடாரில் நல்ல நிலமெல்லாம் சில காப்பித் தோட்டக் குடும்பங்களின் கையில். பிழைக்க வழியில்லாத குடியானவர்கள், ஐந்து மடங்கு பெரிய ஹோண்டுராஸுக்குப் போய்க் காடு திருத்திச் சோளம் விதைத்தார்கள். 1969-க்குள் அப்படிப் போனவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அங்கேயும் பண்ணையார்களும் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனிகளும் நிலத்தை வளைத்துப் போட்டிருந்தார்கள். உள்ளூர் ஏழைகள் நிலம் கேட்டபோது அரசு பெரிய பண்ணைகள் பக்கம் போகவில்லை. 1962-ல் போட்ட நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, ஹோண்டுராஸில் பிறந்தவருக்குத்தான் நிலம் என்று சால்வடார்க்காரர்களை வெளியேற்றியது. திருத்திய காடும் கட்டிய குடிசையும் கையைவிட்டுப் போயின.

அந்த நேரம் பார்த்து வந்தது அந்தத் தகுதிச் சுற்று. ஹோண்டுராஸ் தலைநகர் தெகுசிகல்பாவில் முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு, ஓட்டல் வாசலில் விடிய விடிய ஹாரன் அடித்து சால்வடார் ஆட்டக்காரர்களைத் தூங்கவிடாமல் செய்தார்கள். மறுநாள் ஹோண்டுராஸ் 1-0. அடுத்த வாரம் எல் சால்வடார் தலைநகர் சான் சால்வடாரில் அதே மரியாதை திருப்பித் தரப்பட்டது. எல் சால்வடார் 3-0. இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின. இரண்டிலும் ராணுவத்தார் ஆட்சி. சொந்த ஊர்ப் பணக்காரர்மேல் பாய வேண்டிய கோபம் அடுத்த நாட்டு ஏழைமேல் பாய்ந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. இதை நாமும் விளையாட்டுச் சண்டை என்று சொன்னால், அவர்களைத் தப்பவிட்டவர்கள் ஆவோம்.

நூறு மணி நேரப் போரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் ஹோண்டுராஸ் கிராமத்து ஜனங்கள். சமாதான ஒப்பந்தம் 1980-ல்தான் வந்தது. அப்புறம், விரட்டப்பட்டு ஊர் திரும்பியவர்களுக்கு எல் சால்வடாரில் நிலமும் இல்லை, வேலையும் இல்லை. அந்தக் கொதிப்பும் சேர்ந்துதான் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. 12 வருஷத்தில் சுமார் 75,000 பேர் பலி. அதற்கு எந்த மேட்சைக் காரணம் சொல்வீர்கள்?